மச்சாளின் முகவலை

அந்த வலையைக் கையில் எடுத்தால் கையில் ஒரு பொருள் இருக்கிறதென்றே தெரியாது. மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். விரித்தால் ஒரு பெண்ணின் உச்சந்தலையில் தொடங்கி கழுத்தெலும்பு வரை தொங்கும். மெல்லிய வெள்ளைப் பருத்தி நூலில், நுனியில் சிறு கொளுக்கி உள்ள குறோசே ஊசியால் பின்னிய லேஸ் அது. வன்னியின் ஆவணி வெயிலில், வீட்டுக்குள்ளும் வெளியிலும் முகத்தை மூடிக்கொண்டே இருக்கவேண்டி வந்த ஒருத்தி தனக்கென்று செய்துகொண்டது. அவர் என் மூத்த அண்ணனின் மனைவி. நான் மச்சாள் என்று கூப்பிட்டவர். அந்த ஒரே நூலை அவர் எட்டு மாதத்துக்குள் ஏழு தரம் பின்னினார், ஆறு தரம் அவிழ்த்தார். பிழை என்று ஒரு கண்ணிகூட இல்லாத வேலையை, நுனியைப் பிடித்துச் சரசரவென்று இழுத்து மறுபடி வெறும் நூலாக்குவதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. என்ன விசர் வேலை என்று மனதுக்குள் நினைத்திருக்கிறேன். இப்போது எண்பதை நெருங்குகிறேன். என் வாழ்வில் எத்தனையோ கெட்டிக்காரரைக் கண்டாயிற்று. ஆனால் பிரமிப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு ஞாபகம் வருவது அந்த விரல்கள்தான்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஐயாவுக்கு இருந்தது ஐந்து பரப்புத் தோட்டம், ஏக்கரில் மூன்றில் ஒன்றுகூட வராது. பிள்ளைகளும் ஐந்து பேர். ஆகவே இரணைமடுக் குளத்தின் கீழ் காணி கொடுக்கிறார்கள் என்றதும் அண்ணன் எழுதிப் போட்டார், கிடைத்தது. ஐம்பதுகளின் நடுவில் அது. கலியாணம் கட்டி ஆறு மாதத்தில் மச்சாளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போனார். வாய்க்கால் ஓரமாக ஒரு மண்வீடு, பின்னால் வயல், வயலுக்கு அப்பால் காடு. யாழ்ப்பாணத்தில் பக்கத்து வீட்டாரின் இருமல்கூடக் கேட்கிற வளவில் வளர்ந்தவர் மச்சாள். அங்கே அடுத்த வீட்டுக்குப் போகப் பத்து நிமிடம் வரம்பில் நடக்கவேண்டும். பயந்துபோவார் என்று எல்லாரும் நினைத்தோம். முதல் வருசம் பொங்கலுக்கு நான் போனபோது, மச்சாள் சீலையைக் காலுக்கிடையால் கொடுக்குக் கட்டிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றார். என்னைக் கண்டதும், “மச்சாள், இஞ்சை பாருங்கோ, நான் வெட்டின வாய்க்கால்! தண்ணி என்ரை சொல்லுக் கேக்குது!” என்று கத்திச் சிரித்தார். வாயெல்லாம் பல்லாக, தலையைப் பின்னால் எறிந்து சிரிக்கிற சிரிப்பு. அந்த முகம் அழகான முகமென்று ஊரில் பேர்.

மூன்றாம் வருசம் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு இரண்டரை வயதான வைகாசி மாதத்தில்தான் அது நடந்தது.

வைகாசியில் பாலைப்பழம் பழுக்கும். பொன் நிறத்தில், பால் பிசுபிசுக்க, தேனாய் இனிக்கும் பழம். மச்சாளும் அயலில் இருந்த இரண்டு பெண்களும் காட்டோரம் போனார்கள். பிள்ளை மச்சாளின் இடுப்பில். மரத்தின் கீழ் உதிர்ந்து கிடந்த பழத்தைப் பொறுக்கக் குனிந்த நேரம், புற்றுக்குப் பின்னாலிருந்து கரடி எழுந்தது. எங்கள் வன்னிக் கரடி சாப்பிடுவதற்காக ஆளைத் தாக்குவதில்லை. திடுக்கிட்டால் தாக்கும், தாக்கினால் முகத்தைத்தான் தாக்கும். மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். மச்சாளும் ஓடியிருக்கலாம். ஆனால் பிள்ளையோடு ஓடி முடியாது என்று ஒரு கணத்தில் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிள்ளையை நிலத்தில் கிடத்தி, அதன் மேல் முழங்கையை ஊன்றிக் கவிழ்ந்து படுத்துவிட்டார். ஓடியவர்கள் தகரத்தில் அடித்துக்கொண்டு ஆம்பிளைகளோடு திரும்பி வந்தபோது கரடி போய்விட்டிருந்தது. பிள்ளையின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அதன் சட்டை மட்டும் தாயின் இரத்தத்தில் தோய்ந்திருந்தது.

மச்சாளை உழவு மெசினில் ஏற்றிக் கிளிநொச்சிக்கும், அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கும் கொண்டு போனார்கள். பிழைக்க மாட்டா என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பிழைத்தார். பிள்ளையைப் பார்க்க என்னைக் கிளிநொச்சிக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் அந்தப் பிள்ளை என் மடியில் தூங்கி, என் கையால் சாப்பிட்டு, என்னை மாமி, மாமி என்று ஒட்டிக்கொண்டது. முதல் சில நாள் அம்மா எங்கே என்று கேட்டது. பிறகு கேட்பதை விட்டுவிட்டது. அது நல்லதென்று நான் முட்டாள்தனமாய் நினைத்தேன்.

ஆவணி முதல் கிழமை மச்சாள் றெயிலில் வந்திறங்கினார். அண்ணன் வண்டிலில் கூட்டிக்கொண்டு வந்தார். வேலிப் படலையில் இறங்கி, சீலைத் தலைப்பை விலக்கி, கையை நீட்டிக்கொண்டு பிள்ளையிடம் நடந்து வந்தார். நான் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றேன். வலக்கண் இருந்த இடத்தில் தைத்து மூடிய ஒரு குழி. கன்னம் உள்ளே போய், சிவந்த தோல் கயிறு கயிறாகத் தாடை வரை இழுத்திருந்தது. மேலுதடு ஒருபக்கம் ஏறி, பல் வெளியே தெரிந்தது. காது பாதிதான் இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதை எழுத எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளை மூடவில்லை. பார்த்தது. பார்த்துவிட்டு உடம்பெல்லாம் விறைத்து, என் கழுத்தை நெரித்துப் பிடித்துக்கொண்டு கத்தியது.

“கரடி! மாமி, கரடி!”

மச்சாள் நின்றுவிட்டார். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதை மெல்லக் கீழே போட்டு, தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, மாட்டுக் கொட்டில் பக்கம் போய்ப் புளியமரத்தின் கீழ் மறுபக்கம் பார்த்து இருந்தார்.

அதற்குப் பிறகு பிள்ளைக்கு முன்னால் அவர் முகத்தைத் திறக்கவே இல்லை. தடித்த துவாய் ஒன்றைத் தலையில் போட்டு வலப்பக்கத்தை முழுக்க மறைத்துக்கொள்வார். ஆவணி வெயில் வன்னியில் எப்படி என்று அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சோளகம் அடித்தாலும் அது அடுப்பு வாயிலிருந்து வருகிற காற்று. புதுத்தோல் துவாய்க்குள் வியர்த்து அவிந்தது. மூன்றாம் கிழமை அது ஒட்டிக்கொண்டு, உரிக்கும்போது தோலும் சேர்ந்து வந்தது. மருந்து கட்டுகிறவர் ஏசினார். “காத்துப் படவேணும் எண்டு சொல்லித்தானே உங்களை விட்டவை? இப்பிடிப் பொத்தினால் சீழ் வைக்கும். பிறகு திருப்பி ஆஸ்பத்திரிதான்.” மச்சாள் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து மறுபடி துவாயைப் போட்டார். பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தது.

அவருடைய பேச்சும் மாறியிருந்தது. உதடு இரண்டும் முழுதாய்ப் பொருந்தாததால் ம, ப போன்ற எழுத்துகள் சிதறி வந்தன. முந்தி என்னை மச்சாள் என்று கூப்பிட்டவர், இப்போது தங்கச்சி என்று கூப்பிடத் தொடங்கினார். பிள்ளை, பிள்ளை என்று அழைத்த மகளைக் குஞ்சு என்றார். பாசம் கூடிவிட்டது என்று நினைத்தேன். எங்களைக் கூப்பிடுவதற்கு, உதடு மூடாமல் சொல்லக்கூடிய சொற்களை அவர் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தார் என்பது கன காலத்துக்குப் பிறகு, ஒருநாள் சும்மா நானே சொல்லிப் பார்த்தபோதுதான் பிடிபட்டது.

நான் அப்போது மத்தியான நேரங்களில் என் தலையணை உறைக்குக் கரை லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் பழகியது. ஒருநாள் மச்சாள் தூரத்தில் இருந்தபடியே கேட்டார்.

“தங்கச்சி, அந்த ஊசியை ஒருக்காத் தாங்கோ.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“ஆஸ்பத்திரியிலை அடுத்த கட்டிலிலை கால் முறிஞ்ச ஒரு ரீச்சர் கிடந்தவா. நான் செத்துப் போகப் போறன் எண்டு கத்தின நாளிலை அவா என்ரை கையிலை இதைத் தந்து, முதல்லை பத்துக் கண்ணி போடு, பிறகு செத்துப் போ எண்டவா.”

அவர் சொன்னதைக் கேட்டு நான் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஊசியையும் புது நூல் உருண்டையையும் நீட்டினேன். முகத்தைப் பார்க்காமல், பக்கவாட்டில்தான் நீட்டினேன். தேத்தண்ணிகூட அப்படித்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒற்றைக் கண்ணால் பின்னுவது எவ்வளவு கடினமென்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்துப் பார்த்தால் விளங்கும். கொளுக்கி கண்ணிக்கு முன்னால் நிற்கிறதா, பின்னால் நிற்கிறதா என்று தெரியாது. முதல் நாள் மச்சாளின் இடக்கைப் பெருவிரல் முழுக்கக் குத்துப்பட்ட புள்ளிகள். இரண்டாம் நாள் அவர் பார்ப்பதையே விட்டுவிட்டார். இருந்த கண்ணையும் மூடிக்கொண்டு, விரல் நுனியால் கண்ணியைத் தடவி, அதன் வாயை நகத்தால் சற்று விரித்து, ஊசியை உள்ளே விட்டார். நூலைச் சுற்றி இழுத்து ஒரு தூண், அடுத்ததாய் ஒரு சங்கிலி, மறுபடி ஒரு தூண். தூணுக்கும் தூணுக்கும் இடையில் ஒரு சிறு சதுர ஓட்டை. நான் கண்ணால் பார்த்துப் பின்னிய லேசில் அங்கங்கே நூல் இறுகியும் தளர்ந்தும் இருக்கும். அவர் பார்க்காமல் பின்னியதில் ஒரு சதுரம் மற்றதின் அச்சில் வார்த்தது போல இருந்தது. பன்னிரண்டு நாளில் வலை முடிந்தது. ஓட்டைகள் எள்ளளவுதான். தலையில் ஊசி குத்தி வலப்பக்கம் தொங்கவிட்டால், வெள்ளை மூட்டத்துக்குப் பின்னால் ஒரு முகம் இருப்பது மட்டும் தெரியும். என்ன முகம் என்று தெரியாது. ஆனால் காற்றுப் போனது. ஒரு கிழமையில் அவிந்த தோல் காயத் தொடங்கியது.

பிள்ளை அன்றைக்குக் கத்தவில்லை. குசினி வாசலில் நின்று என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளையைப் பார்த்தது. “குஞ்சு” என்றார் மச்சாள். பிள்ளை கிட்ட வரவில்லை. ஓடவும் இல்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, தலை தோய்ந்துவிட்டு வந்தவர் வலையை மடியில் வைத்தார். கடைசிக் கண்ணியைத் தேடிப் பிடித்து இழுத்தார். குறோசே வேலை அப்படியானது. எவ்வளவு பெரிதாய்ப் பின்னினாலும் கடைசியாய்ப் போட்ட ஒரு கண்ணிதான் அத்தனையையும் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விட்டால் எல்லாம் போய்விடும்.

“ஐயோ, என்ன செய்யிறியள்? நல்ல வேலையை ஏன் குலைக்கிறியள்?”

“இன்னும் கொஞ்சம் காத்து வரட்டும், தங்கச்சி.”

அவிழ்ந்த நூல் நெளிநெளியாய், பின்னலை மறக்காமல் சுருண்டு கிடந்தது. அதைத் தண்ணீரில் நனைத்து, கதிரையின் முதுகுச் சட்டத்தில் இறுக்கிச் சுற்றிக் காயவைத்தார். காய்ந்ததும் நெளிவு போய் நேராகிவிட்டது. மறுபடி உருண்டையாக்கி, மறுபடி பத்துக் கண்ணி. புது வலை முடியும்வரை, பிள்ளை வருகிற நேரம் துவாயைப் போட்டுக்கொள்வார். இந்த முறை ஓட்டை பயறளவு. அது முடிந்து மூன்று கிழமையில் அதையும் அவிழ்த்தார். அடுத்தது கடலையளவு. ஓட்டை பெருக்கப் பெருக்க, அதே அளவு வலைக்கு நூல் குறைவாய்ப் போதுமாயிருந்தது. மிஞ்சிய நூலைத் தனி உருண்டையாய்ச் சுற்றி வைப்பார். அந்தச் சின்ன உருண்டைதான் முதன்முதலாய்ப் பிள்ளையை அவரிடம் கொண்டு போனது. அது ஒருநாள் தானாய் உருண்டு முற்றத்துக்கு வந்தது. தானாய் உருண்டதா, அவர் உருட்டினாரா என்று நான் கேட்டதில்லை. பிள்ளை அதைத் துரத்திப் பிடித்து, நூலைப் பிடித்தபடியே நடந்து, மறுமுனையில் இருந்தவருக்கு மூன்றடி தூரத்தில் வந்து நின்றது. அவர் அசையவில்லை. ஊசியை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ஆட்காட்டிக் குருவியின் முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளைப் போல, மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்.

நாலாவது வலை புளியங்கொட்டையளவு ஓட்டை. அதற்குள் கார்த்திகை பிறந்து மழைக்காற்று வந்துவிட்டது. பிள்ளை அவருக்கு ஒரு முழத்தில் இருந்து நூலுருண்டையை உருட்டி விளையாடிக்கொண்டிருந்த நேரம், திடீரென்று ஒரு காற்று எழுந்து வலையைத் தூக்கித் தலைக்கு மேல் எறிந்தது. பிள்ளை முழு முகத்தையும் கண்டது. அந்தக் கத்தலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வயலில் நின்ற அண்ணன் ஓடிவந்தார். நாலு நாள் பிள்ளை முற்றத்துக்கே வரவில்லை. சாப்பாட்டையும் துப்பியது.

பக்கத்துக் காணிக்கார அம்மா வந்து அண்ணனை மாட்டுக் கொட்டில் பக்கம் தனியே கூப்பிட்டுச் சொன்னார். “தம்பி, நான் குறையாய்ச் சொல்லேல்லை. அவாவைக் கொஞ்ச நாளைக்குத் தாய் வீட்டை விடுங்கோ. பச்சைப் பிள்ளை. பயந்து காய்ச்சல் கண்டால் என்ன செய்வியள்?” அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எப்போதும் நிலத்தைத்தான் பார்த்தார். மூன்று மாதம் ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு ஞாயிறும் போய்வந்தவர், மனைவி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அன்பில்லாமல் இல்லை. பார்த்தால் தன் கண்ணில் வருவதை மச்சாள் கண்டுவிடுவார் என்ற பயம்.

மச்சாளுக்கு அந்தக் கதை கேட்டிருக்கும். கொட்டிலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அன்று பின்னேரம் அவர் வலையை எடுத்து அவிழ்த்தார். இனி ஒன்றும் பின்னமாட்டார், துவாய்க்குத் திரும்பிவிடுவார், அல்லது பெட்டியைக் கட்டுவார் என்று நான் நினைத்தேன். மறுநாள் காலமை அவர் பத்துக் கண்ணி போட்டார். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். ஓட்டை சின்னதாக இருந்தது. கடலையளவு. பெருப்பிக்கவில்லை, ஒரு படி குறைத்திருந்தார்.

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் ஒரே அடியாய் விளங்கியது. காற்றுக்காக என்றால் ஏன் குறைக்கவேண்டும்? எள்ளு, பயறு, கடலை, புளியங்கொட்டை. ஒவ்வொரு வலையிலும் முகம் ஒரு பொட்டு, ஒரு பொட்டாய்க் கூடத் தெரிந்துகொண்டிருந்திருக்கிறது. எந்த நாளிலும் பிள்ளை நேற்றைவிட அதிகமாய்க் காணவில்லை. ஆனால் ஆவணியில் கண்டதைவிட கார்த்திகையில் எவ்வளவோ கண்டிருந்தது. நானும் கண்டிருந்தேன், எனக்குத் தெரியாமலே.

“இது குஞ்சுக்காகத்தானே?” என்று கேட்டேன்.

அவர் ஊசியை நிறுத்தவில்லை. “அது என்னைக் கண்டு கத்தினது பிழையில்லை, தங்கச்சி. எனக்கே ஆஸ்பத்திரியிலை ஒருநாள் ஜன்னல் கண்ணாடியிலை தெரிஞ்ச உடனை மூச்சு நிண்டிட்டுது. பெரிய மனிசி எனக்கே அப்பிடியெண்டால் அதுக்கு எப்பிடி இருக்கும்? ஒரேயடியாய்ப் பார் எண்டால் ஆர்தான் பார்ப்பினம்? கொஞ்சம் கொஞ்சமாய்ப் பார்த்தால் பழகும். நான் காடு வெட்டி இந்த ஊருக்குப் பழகேல்லையோ?”

“எத்தினை நாள் எடுக்கும்?”

“எனக்கென்ன, வேறை வேலையோ கிடக்கு.”

நான் அவருக்கு முன்னால் போய், நேருக்கு நேரே இருந்தேன். வலை மடியில் பாதியில் கிடந்தது. முகம் திறந்திருந்தது. பார்த்தேன். முதலில் தழும்பைத்தான் பார்த்தேன். பிறகு, எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, அதற்குள் இருந்து மச்சாள் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். வாய்க்கால் வெட்டின அதே மச்சாள். அதற்குப் பிறகு நான் தேத்தண்ணியைப் பக்கவாட்டில் கொடுத்ததில்லை.

அண்ணனிடம் நான் ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை. எனக்குச் சொல்லத் தைரியம் வந்ததுமில்லை. தை மாதம், நெல்லு வெட்டு முடிந்து ஒரு மத்தியானம், மச்சாள் மறுபடி வலையை அவிழ்த்து நூலை நனைத்து எடுத்தார். கதிரைச் சட்டம் உடைந்திருந்தது. நூலைச் சுற்ற ஆள் வேண்டும். நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். அவர் யாரையும் கூப்பிடவில்லை. நூலைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தார். அண்ணன் வரம்பிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், நின்று பார்த்தார். பிறகு வந்து அவருக்கு எதிரே நிலத்தில் சப்பணம் கட்டி இருந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டினார்.

“சுத்து” என்றார்.

மச்சாள் ஈர நூலை அவருடைய இரண்டு கையிலும் மாறி மாறிச் சுற்றினார். நூல் சுற்றக் கை கொடுக்கிற ஆளுக்குக் கையை அசைக்க முடியாது, எழும்ப முடியாது, வேறு பக்கம் திரும்பவும் முடியாது. திரும்பினால் நூல் சிக்கும். கொஞ்ச நேரம் அண்ணன் தன் கைகளைப் பார்த்தார். பிறகு மனைவியின் கைகளைப் பார்த்தார். அங்கிருந்து மெல்ல மெல்ல ஏறி, அவருடைய கண் முகத்தில் போய் நின்றது. நான் குசினிக்குள் இருந்து அடுப்பை ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பு அணைந்துவிட்டது. நூல் முழுக்கச் சுற்றி முடிந்த பிறகும் அவர் கையை எடுக்கவில்லை.

“நல்லா நொந்ததோ?” என்று கேட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு கேட்டார்.

“ஓம்,” என்றார் மச்சாள். “கையை அசைக்காதேங்கோ. சிக்கப் போகுது.”

அது ஆறாவது வலைக்கான நூல். பங்குனியில் ஏழாவதைப் பின்னினார். அதில் ஓட்டைகள் பாக்களவு. உண்மையில் அதை வலை என்று சொல்வதே கதைக்கு. கொஞ்ச நூல் வளையங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு காற்றில் நிற்பது போலிருந்தது. அதற்குப் பின்னால் மறைக்க ஒன்றுமே இல்லை. கண்ணில்லாத குழி, தழும்பு, ஏறிய உதடு எல்லாம் தெரிந்தது. ஆனால் வெள்ளைக் கோடுகள் அவற்றின் மேல் ஓடியதால் அந்த முகத்துக்கு ஒரு சித்திரவேலை செய்தது போல இருந்தது. அவ்வளவு அழகான ஒரு பொருளை மனிதக் கை செய்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரிய கடைகளில் பெரிய லேசுகள் கண்டிருக்கிறேன். பிளேனில் போய்வந்த பிள்ளைகள் வாங்கிவந்து தந்திருக்கிறார்கள். எல்லாம் உடம்புக்கு அழகு சேர்க்கச் செய்தவை. ஒரு மனிதர் தன்னைத் திருப்பித் தன் பிள்ளையிடம் கொடுப்பதற்காக, ஒரு நூலை அளந்து அளந்து செய்த வேலை அவற்றில் ஒன்றும் இல்லை. படித்தவர்கள் பொறுமை என்று பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். பொறுமை என்றால் சும்மா காத்திருப்பது என்று நினைக்கிறார்கள். அவர் காத்திருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு சதுரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு இப்போது பேரப்பிள்ளைகள். மச்சாள் எண்பத்தொரு வயதுவரை இருந்தார். அவர் போன பிறகு அவருடைய படத்தைச் சுவரில் மாட்டும்போது, பழைய கலியாணப் படத்தை மாட்டுவோமா என்று யாரோ கேட்டார்களாம். “அது ஆரெண்டு எனக்குத் தெரியாது. என்ரை அம்மாவின்ரை படத்தை மாட்டுங்கோ” என்றாளாம் மகள். அதைக் கேட்ட நாளில்தான் இதை எழுதவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் நான் முடிக்க நினைப்பது அந்தச் சித்திரை மாதத்து ஒரு காலமையில்.

வெயில் ஏறத் தொடங்கிய நேரம். அண்ணன் வயலில் நின்றார். மச்சாள் அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிப் போத்தலை அடைத்துவிட்டு, தலையில் வலையைக் குத்திக்கொண்டு குசினி வாசலில் குந்தியிருந்தார். பிள்ளை அவருடைய மடிக்குள் சாய்ந்து நின்றது. சில கிழமையாகவே அந்த அளவுக்கு வந்துவிட்டது. ஒரு ஓட்டைக்குள்ளால் விரலை விட்டது. விரல் போய்த் தழும்பில் தொட்டது. மச்சாள் சிலைபோல இருந்தார்.

“நோகுதோ?”

“இல்லை.”

“கரடி கடிச்சதோ?”

“ஓம்.”

“என்னைக் கடிக்கேல்லையோ?”

“இல்லை.”

“ஏன்?”

“நீ எனக்குக் கீழை கிடந்தனி.”

அந்தப் பதில் பிள்ளைக்குப் போதுமாயிருந்தது போலும். விரலை எடுத்து அடுத்த ஓட்டைக்குள் விட்டது. பிறகு அதற்கு அடுத்தது. உதட்டைத் தொட்டது, காதைத் தொட்டது. அப்படியே கையைக் கொடுத்து வலையைப் பிடுங்கியது. தலையில் குத்தியிருந்த ஊசி தெறித்து விழுந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை தாயைப் பார்க்கவே இல்லை. வலையைத் தன் தலையில் போட்டு, அது வயிறு வரை தொங்க, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று நடந்தது.

“மாமி, நான் ஆர் சொல்லுங்கோ? நான்தான் அம்மா!”

மச்சாள் சிரித்தார். தலையைப் பின்னால் எறிந்து, ஏறிய உதட்டுக்குள்ளால் அத்தனை பல்லும் தெரிய, பெரிய சத்தமாய்ச் சிரித்தார். சிரித்து முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

“கொண்டா குஞ்சு, அப்பாவுக்குத் தேத்தண்ணி குடுக்கவேணும்.”

“தரமாட்டன்.”

“தா, செல்லம்.”

“தரமாட்டன்! நான்தானே அம்மா!” பிள்ளை வலையோடு கொட்டிலைச் சுற்றி ஓடியது.

மச்சாள் அது ஓடுவதைப் பார்த்தார். துவாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அதையும் பார்த்தார். பிறகு போத்தலைத் தொட்டுப் பார்த்தார்.

“ஆறப் போகுது” என்றார். எழுந்து, போத்தலை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்து, வெறும் முகத்தோடு வரம்பில் இறங்கினார். அடுத்த வயலில் ஆட்கள் நின்றார்கள். பக்கத்துக் காணிக்கார அம்மாவும் நின்றார். ஒவ்வொருவராய் நிமிர்ந்து பார்ப்பது எனக்குப் படலையிலிருந்து தெரிந்தது. மச்சாள் நடையைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. தூரத்தில் அண்ணன் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, அவர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.